மஞ்சள் கோட்டில் நின்ற மகன்

பகல் கனவு காண ஏற்ற இடம் மலையோ கடற்கரையோ இல்லை, ஓசூரில் இருக்கும் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைதான். கை பாட்டுக்குப் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருக்கும். மனசு பாட்டுக்கு எங்கேயாவது மிதந்துகொண்டிருக்கும். நான் அங்கே வேலை பார்த்த மூன்று வருடமும் உண்மையில் அங்கே இல்லை. ஒரு கேமராவுக்கு முன்னால் இருந்தேன்.

காலையில் கம்பெனி பஸ் பாகலூர் சாலையின் பனிக்குள் நுழையும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்தபடி ஸ்லோமோஷனில் தலையைத் திருப்புவேன். (பக்கத்து சீட்டு ரஹ்மான் பாய், "கழுத்துப் பிடிப்பா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்பார்.) வெளியே ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். எல்லாம் எனக்காகப் போட்ட செட் என்றே நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. நடந்து போவதற்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்ட தனிப் பாதை இருக்கும். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் அதைக் குறுக்கே கடக்கும் இடம் வந்தால் நின்றே ஆகவேண்டும். வலது பக்கம் கையை நீட்டிப் பார்த்து "ஓகே", இடது பக்கம் நீட்டி "ஓகே", நேராக நீட்டி "ஓகே" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். முதலாளி வந்தாலும் இதே கதிதான். புதிதாக வருகிறவர்கள் வெட்கப்படுவார்கள். நான் படமாட்டேன். மூன்று பக்கமும் வில்லன்கள் நிற்பதாக எண்ணிக்கொண்டு விரலை நீட்டுவேன்.

அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வேலை தேடி இந்த ஊருக்கு வந்தவர் என் அப்பா. வேறொரு பட்டறையில் இப்படி ஒரு வண்டி இடித்ததிலிருந்து காலை விந்தி விந்தித்தான் நடப்பார். அதனால் அம்மா தினமும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "ரெண்டு பக்கமும் பாத்துப் போப்பா" என்பாள். நான் "ம்" என்பேன். மனசு அப்போதே கேமராவுக்கு முன்னால் போயிருக்கும்.

கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். ஒரு படத்தில் கதாநாயகனுக்குப் பின்னால் டீ குடித்தேன். இன்னொன்றில் சவ ஊர்வலத்தில் நடந்தேன். (பிணத்தின் முகம் தெரிந்தது, என் முகம் தெரியவில்லை.) அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, "தை பொறந்தா திரும்பி வந்துரணும். கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன்" என்று கெடு வைத்தார்.

கெடு முடியப்போகும் நேரத்தில் ஒரு டிவி சீரியலில் கதாநாயகியின் தம்பி வேடம் வந்தது. முதல் காட்சி நன்றாக வந்தால் கடைசி வரை நான்தான் தம்பி, வராவிட்டால் மறுபடி போல்ட். அந்தக் காட்சியை எடுக்க அவர்கள் பிடித்த இடம், ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடந்த ஓர் ஓசூர் தொழிற்சாலை! அம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தூக்கு நிறைய எலுமிச்சம் சாதத்தோடு படப்பிடிப்பைப் பார்க்க வந்து உட்கார்ந்துவிட்டாள்.

காட்சி இதுதான். சீரியல் அம்மா பயத்தில் உறைந்து நிற்கிறார். வில்லனின் ஃபோர்க்லிஃப்ட் அவரை நோக்கி வருகிறது. நான் தூரத்திலிருந்து ஓடி வந்து அவரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்ற வேண்டும்.

"ஆக்‌ஷன்!"

ஓடினேன். மேலே கண்ணாடிக் கூரை வழியாக வெயில் தூசியோடு இறங்கிக்கொண்டிருந்தது. என் முடி பறந்தது. (பறக்கவைக்கத் தனியாக ஒரு பெரிய மின்விசிறி இருந்தது.) பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் நான் ஓடிப் பழகிய அதே ஓட்டம். எங்கேயோ வயலின் வாசிப்பதுகூடக் கேட்டது.

"கட்!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கைதட்டப் போகிறார்கள் என்று அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

"நடுவுல ஏம்பா நின்ன?" என்றார் இயக்குநர்.

"நின்னேனா சார்?"

மானிட்டரில் போட்டுக் காட்டினார். "அம்மா...!" என்று கதறியபடி ஓடி வந்த இளைஞன் மஞ்சள் கோட்டில் சட்டென்று நின்றான். வலது பக்கம் கையை நீட்டி "ஓகே" என்றான். இடது பக்கம் "ஓகே". நேராக "ஓகே". பிறகு விட்ட இடத்திலிருந்து "அம்மா...!" என்று மறுபடி கதறிக்கொண்டு ஓடினான்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி நின்றேன். கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஓடச் சொன்னார்கள். முகவாயால் வலது இடது காட்டினேன். "அம்மா சாகக் கெடக்குறா, நீ டிராஃபிக் போலீஸ் வேலையா பாக்குற?" என்று இயக்குநர் கத்தினார். வாயைப் பிளந்து நின்று களைத்துப்போன சீரியல் அம்மா, "தம்பி, நீ வர்றதுக்குள்ள நானே நடந்து ஓரமாப் போயிருவேன்" என்றார். வண்டி ஓட்டியவர் அந்தத் தொழிற்சாலைக்காரர். அவர் மட்டும், "சார், ரூல்படி பையன் செய்யறதுதான் கரெக்ட்டு" என்றார்.

"பேக்கப் பண்ணிரலாம். வேற தம்பியப் பாத்துக்கலாம்" என்று இயக்குநர் எழுந்தபோது, பட்டுப்புடவை சரசரக்க அம்மா நேராக அவரிடமே போய்விட்டாள்.

"கோச்சுக்காதீங்க சார். தப்பு எம்மேலதான். அவங்கப்பாவுக்குக் கால்ல அடிபட்டதுலருந்து தெனமும் பாத்துப் போ, பாத்துப் போன்னு சொல்லிச் சொல்லி நாந்தான் அவன இப்புடி ஆக்கிட்டேன்."

அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை. அத்தனை நாளும் மனசுதான் எங்கேயோ மிதந்திருக்கிறது. இந்த உடம்பு ஒழுங்காக வீட்டு வாசலில் நின்று அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறது. மஞ்சள் கோட்டின் மேலேயே உட்கார்ந்து மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

"இந்த அழுகைய விடாதீங்க! கேமரா, கேமரா!" என்று இயக்குநர் குதித்தார்.

கதை அந்த இடத்திலேயே மாறியது. நின்று பார்த்துவிட்டு ஓடியதால் மகன் தாமதமாக வருகிறான், வண்டி இடித்து அம்மா கோமாவுக்குப் போகிறார், மகன் அழுகிறான். அந்த வாரக் கடைசியில் தம்பியைக் குற்ற உணர்ச்சியோடு சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். சீரியல் அம்மா கண் விழித்த பிறகும் அவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒளிபரப்பான அன்று, சென்னையைக் காலி செய்து கட்டிக்கொண்டு வந்த பெட்டியோடு வீட்டில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். திரையில் நான் மஞ்சள் கோட்டில் நின்றேன். வலது, இடது, நேர். அப்பா தன் காலைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

"நின்னுருக்கான்ல. இவன் எங்க போனாலும் பொழச்சுக்குவான். இன்னும் கொஞ்ச நாள் நடிக்கட்டும்" என்றார் அம்மாவிடம்.

இன்றும் நடிக்கிறேன். டாக்டர், இன்ஸ்பெக்டர், மாப்பிள்ளையின் நண்பன் என்று ஏதாவது வந்துகொண்டிருக்கிறது. ஓடிப்போய்க் காப்பாற்றும் வேடம் மட்டும் யாரும் தருவதில்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம், "இவன நம்பி மட்டும் ஆபத்துல மாட்டிக்காதீங்க" என்று அப்பா எச்சரிக்கிறார்.

ஊருக்குப் போனால் அம்மாவோடு மார்க்கெட்டுக்குக் கிளம்புவேன். பாகலூர் சாலையைக் கடக்க ஓரமாக நிற்போம். கர்நாடகப் பதிவெண் லாரிகள் சீறிக்கொண்டு வரும். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ம், ஆக்‌ஷன்" என்பாள். நடுரோட்டில் வெட்கமே இல்லாமல் வலது பக்கம் நீட்டுவேன், இடது பக்கம் நீட்டுவேன். லாரிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வேகத்தைக் குறைப்பார்கள்.

இருவரும் பத்திரமாக அந்தப் பக்கம் சேர்ந்ததும் அம்மா கையை விடுவாள்.

"ஷாட் ஓகே."