இரட்டை வேகத்தில் ஒரு மேல்நிலைப் பயிற்சி

குழந்தை வளர்ப்பதையும் திறன் வளர்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்துவிடலாம் என்று நம்பியவள் நான். படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

குழந்தைக்காக எடுத்த நீண்ட விடுப்பு முடிந்து திரும்பிய வாரமே மேலாளர் சொல்லிவிட்டார். கணக்கு சரிபார்க்கும் என் பழைய வேலையை இனி மென்பொருளே செய்யும்; தரவுப் பகுப்பாய்வில் மேல்நிலைப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் புதிய குழுவில் இடம். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. (கேட்டால் சொல்லிவிடுவாரே!)

பயிற்சி என்பது கபூர் சார் பேசிப் பதிவு செய்த வீடியோக்கள். வடக்கே துவாரகாவில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் ஓரிடத்தில் உட்காருவதே மூன்று வயது யாழினிக்குச் சோறு ஊட்டும்போதுதான். ரசப் பாத்திரத்தில் போனைச் சாய்த்து வைத்து கபூர் சாரை ஓடவிட்டேன். அவர் நிதானமாகப் பேசுபவர். அதற்குள் சாதம் ஆறிவிடும். அதனால் இரட்டை வேகம். கார்ட்டூனுக்குத் திறக்காத வாயை யாழினி அவருக்குத் திறந்தாள். தட்டு காலியானால் பாடம் முடிந்தது. எனக்கு ஏதாவது புரிந்ததா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பிறகு தேர்வு வந்தது. வீட்டிலிருந்தே, வீடியோ அழைப்பில், மேலாளரும் கபூர் சாரும் கேள்வி கேட்பார்கள்.

"அவளை உள்ளயே வச்சுக்கோங்க, கதவைத் தாழ் போட்டுக்கோங்க" என்று கணவரிடம் மூன்று தடவை சொன்னேன்.

"நான் பாத்துக்கறேன், நீ டென்ஷன் ஆகாதே."

(அவர் பார்த்துக்கொண்டது கிரிக்கெட்டை.)

கபூர் சார் முதல் கேள்வியைத் தொடங்கியதும் அவர் குரல் கேட்டுக் கதவு திறந்தது.

"சார்ஜி வந்தாச்சு!"

காலித் தட்டோடு ஓடிவந்து என் மடியில் ஏறிய யாழினி, கேமராவை நோக்கி 'ஆ' என்று வாயைத் திறந்தாள்.

"பேட்டா, பூக் லகீ ஹை?"

பசிக்கிறதா என்று கபூர் சார் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார்ஜி, ஜல்தி போலோ! மம்மி கே ஃபோன் மே தோ ஜல்தி போல்தே ஹோ!"

சீக்கிரம் பேசுங்கள், அம்மாவின் போனில் வேகமாகத்தானே பேசுவீர்கள் என்கிறாள். மேலாளர் தன் கேமராவை அணைத்துக்கொண்டார். எந்த வேகத்தில் பார்த்தீர்கள் என்று கபூர் சார் என்னைக் கேட்டார்.

"இரண்டு மடங்கு, சார். தயிர் சாதத்துக்கு மட்டும் ஒன்றரை" என்றேன். முழு விவரமும் சொல்வதுதான் மரியாதை என்று அப்போது பட்டது.

அதற்குப் பிறகு அவர் கேட்டது எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அலுவலக வகுப்பறையில், கபூர் சாரின் சொந்த வேகத்தில், முதலிலிருந்து உட்கார்ந்து கேட்டு, அடுத்த முறை தேறினேன். புதிய குழுவில் கடைசி இடம் கிடைத்தது. அந்த வாரங்களில் யாழினிதான் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்கு இந்தியில் ஒரு வாக்கியம் மட்டும் தெரியும். இன்றும் போனில் நான் ஏதாவது கவலையைச் சொல்லத் தொடங்கினால் போதும்.

"சார்ஜி, ஜல்தி போலோ" என்பாள். உச்சரிப்பு சுத்தம்.