கரண்ட் குடிக்கும் டப்பா

“இங்க வந்து பாருங்க, என்னமாச் சுத்துதுன்னு” என்று மாடிப்படிக்கு அடியிலிருந்து கூப்பிட்டாள் ரோசலின்.

சூசைமுத்து வந்து பார்த்தார். அங்கிருந்த இரண்டு மீட்டர்களில் வாசலை ஒட்டியிருந்ததில், சிவப்புக் கோடு போட்ட தகடு தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே மகள் நான்சி, போன வாரம் வாங்கிய கம்ப்யூட்டரில் காலேஜ் புராஜெக்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்குள்ள பூதத்தைக் கொண்டாந்து வச்சிருக்கீக. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா கடைக்கே திருப்பிக் குடுத்துருங்க.”

நான்சியின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் சூசைமுத்து நாகல்நகருக்கு ஓடி, கம்ப்யூட்டர் கடை டோனியைக் கூட்டிவந்தார்.

டோனி பெட்டியின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தான். “எஸ்.எம்.பி.எஸ்.தாண்ணே. செவத்துக் கரண்ட வாங்கி உள்ள பிரிச்சுக் குடுக்குற டப்பா. நல்லதா இருந்தா பத்து வாங்கி எட்டு குடுக்கும். மட்டமானது பாதியைச் சூடாவே ஊதித் தள்ளிரும்.”

“மட்டமா இல்லையான்னு எப்படிப்பா கண்டுபிடிக்க?”

“வீட்டுல மத்ததெல்லாம் அமத்திட்டு கம்ப்யூட்டர மட்டும் ஓடவிடுங்க. செவப்புக் கோடு நிமிசத்துக்கு எத்தனை தடவ வருதுன்னு எண்ணுங்க.”

மறுநாளே சோதனை தொடங்கியது. ஃபேன், டிவி, மிக்ஸி எல்லாம் ஓய்ந்தன. சூசைமுத்து கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். “சட்னிக்கு என்ன செய்ய” என்று முனகிக்கொண்டே ரோசலின் தேங்காய்க் கிண்ணத்தோடு மாடிவீட்டு கமர்ஜஹானிடம் போனாள். தகடு முன்னைவிட வேகமாகச் சுற்றியது.

டோனி வேறு டப்பா மாட்டினான். சந்தேகமே வேண்டாமென்று ஃப்ரிட்ஜையும் அணைத்தார்கள். பாலும் மீனும் மாடிக்கு ஏறின. தகடு இன்னும் வேகம் பிடித்தது.

“இது மதுரையில இருந்து வரவழைச்சதுண்ணே, கம்பெனி அயிட்டம்” என்று மூன்றாவதைக் கொண்டுவந்தான். அன்றைக்குத் துணிமூட்டையும் அயர்ன் பாக்ஸும் மாடிக்குப் போயின. சிவப்புக் கோடு எண்ணவே விடவில்லை. பாவம், டோனிக்குத் தன் தொழில்மீதே நம்பிக்கை போய்விட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான்சியே ஒயர்களைக் கழற்றினாள்.

“விடுங்கப்பா. காலேஜ் லேப்ல பாத்துக்கிறேன்.”

கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவருக்குத் தேவலை. அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர், கடைசியாக ஒருமுறை மீட்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டர் அவர் கையில் இருந்தது. தகடு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பால் பாத்திரத்தோடு படியிறங்கி வந்த கமர்ஜஹான், அவர் நின்ற கோலத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“என்னண்ணே, ஒரு வாரமா எங்க மீட்டரையே பாத்துப் பாத்து வெசனப்படுறீக? அம்புட்டு ஒண்ணும் ஏறிராது. ஒங்க வீட்டுல கரண்ட் சரியாகுற வரைக்கும் அக்கா எங்ககிட்டயே அரைச்சுக்கட்டும்ணே, இப்பக்கூட மாவுதான் ஆட்டிக்கிட்டு இருக்காக.”