மாமாவுக்கு ஒரு விரால்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். திருகோணமலையில் பிறந்து, திருகோணமலையிலேயே வளர்ந்து, நாற்பதைத் தொடப்போகும் எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. துறைமுகத்தடியில் வளர்ந்தவனுக்கு இது வெட்கக்கேடுதான். ஆனால் அதற்குக் காரணமே அந்தத் துறைமுகம்தான். சின்ன வயதில் எங்கள் வீதி முடிவில் போய் நின்றால் பென்னாம்பெரிய கப்பல்கள் கரைக்குக் கிட்டவே வந்து நிற்பது தெரியும். அவ்வளவு பெரிய கப்பல் இவ்வளவு கிட்ட வருவதென்றால், கரையிலிருந்து இரண்டு அடி வைத்ததுமே பாதாளமாக இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அன்றிலிருந்து தண்ணீர் என்றால் அடியில்லாதது என்பது என் நம்பிக்கை. கிணற்றடித் தொட்டியைக்கூட மரியாதையாகத்தான் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவன் எட்டு வருடங்களுக்கு முன் ஒரு வைகாசிக் காலையில் தன்னந்தனியாகக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் ஏறி, ஒரு குளத்தின் நடுவில் மீன் பிடிக்கப் போனான். அதற்குக் காரணம் என் மாமனார்.

சுகந்தியும் நானும் ஒரே காரியாலயத்தில் வேலை செய்து, விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். அவளுடைய அப்பா கப்பல்துறை என்கிற ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில் வயல் செய்கிறவர். அந்த ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் தலைவர். மகளுக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு கலியாணத்தை ஒரு குறையுமில்லாமல் நடத்தி வைத்தார். ஆனால் என்னோடு கதைக்கவில்லை. ஏச்சு இல்லை, முறைப்பு இல்லை, கதை மட்டும் இல்லை.

எனக்கு எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, குசினிப் பக்கம் திரும்பி, "அவருக்குத் தேத்தண்ணி காணுமோ எண்டு கேள்" என்பார். சுகந்தி உள்ளேயிருந்து, போதுமா என்று என்னைக் கேட்பாள். நானும் குசினியைப் பார்த்தே, "காணும் எண்டு சொல்லும்" என்பேன். வீட்டில் வேறு ஒருவரும் இல்லாத ஒரு பின்னேரம் அவர் முற்றத்தில் கட்டியிருந்த பசுவிடம் போய், மழை வரப்போகிறது, மோட்டார் சைக்கிளை உள்ளே எடுத்து விட்டால் நல்லது என்று சொன்னார். (பசுவிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. நான்தான் எழும்பிப் போய் எடுத்து விட்டேன்.) இப்படியே ஐந்து மாதம் போனது.

வெளியே சிரித்துக்கொண்டாலும் எனக்கு உள்ளே வலித்தது. என் அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். கலியாணம் என்றதும் சுகந்தியோடு சேர்த்து ஒரு அப்பாவும் கிடைப்பார் என்று, யாரிடமும் சொல்லாமல், நான் ஆசைப்பட்டு வைத்திருந்தேன். "மருமகன்" என்று அவர் ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்று இருந்தது.

மாமிதான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னா, அவருக்கு விரால் மீன் என்றால் உயிராம்; குளத்து விராலைப் புளி விட்டுக் காய்ச்சினால் சட்டியை வழித்துத்தான் எழும்புவாராம். அந்த நிமிடமே எனக்கு வழி தெரிந்துவிட்டது. விராலை நான் என் கையால் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். சந்தையில் வாங்கினால் அது மீன். நானே பிடித்தால் அது கதை.

என் கூட்டாளி நிசாம் கிண்ணியாக்காரன். நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் வெள்ளைக்காரரைக் கயாக்கில் ஏற்றிக் கொண்டுபோய் மீன் பிடிக்க வைப்பது அவன் வேலை. றப்பரில் செய்த தவளைப் பொம்மையைத் தூண்டிலில் மாட்டித் தாமரை இலைமேல் தத்தித் தத்தி இழுத்தால், விரால் அதை உயிர்த் தவளை என்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். வெள்ளைக்காரர் அதைத் தூக்கி, படம் எடுத்து, முத்தமும் கொடுத்துத் திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவார்களாம். திருப்பி விடுகிறதற்கு ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்டு நான் அவர்களை நன்றாக நக்கலடித்தேன். (இந்த நக்கலை ஞாபகம் வைத்திருங்கள்.)

அந்தக் கிழமை முழுவதும் சுகந்தி தாய்வீட்டில் இருந்தாள். கோயிலில் சடங்கு தொடங்கியிருந்தது. கடைசி நாளான வெள்ளிக்கிழமை குளிர்த்தி. கோபத்தில் இருக்கும் அம்மனைத் தண்ணீராலும் பாட்டாலும் குளிரப் பண்ணுகிற நாள் அது. வெள்ளிக்கிழமை சைவம், மீன் மச்சம் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே வியாழன் மத்தியானமே விரால் குழம்பை முடித்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டேன். ஆச்சரியப்படுத்துகிற எண்ணத்தில் சுகந்தியிடம் மூச்சுக்கூட விடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

வியாழன் விடிய நிசாம் விடுதியின் பழைய கயாக்கைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான். பூசணிக்காய் நிறம், அரை மைலுக்கு அப்பால் நின்றாலும் தெரியும். ஊருக்கு எதிர்ப்பக்க அணைக்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, இரண்டு விசயம் சொன்னான்.

"மச்சான், ஒனக்கு நீந்தத் தெரியாது. இந்த ஜக்கெட்டக் கழட்டாத. துடுப்பக் கயித்தால கயாக்கோட கட்டி வை. நான் பத்து மணிக்கு வாறன்."

மிதக்க வைக்கும் அந்த ஜக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டேன். கயிறு தூண்டில் நூலோடு சிக்கியதால் துடுப்பை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டும் நடந்தது அவன் லொறி திரும்பிப் போய்ப் பத்து நிமிடத்துக்குள்.

ஆனால் அந்தக் காலையை நான் குறை சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான காலை வேறு வந்ததில்லை. தண்ணீரின் மேல் மெல்லிய பனிப்புகார் படுத்திருந்தது. கயாக் போகும்போது தாமரை இலைகள் அடியில் உரசி ஒரு சின்னச் சத்தம் போட்டன. மேலே இருந்த வானம் அப்படியே கீழேயும் இருந்தது. எந்த வானத்தில் போகிறேன் என்று தெரியவில்லை. ஒரு மீன்கொத்தி என் தூண்டில் தடியின் நுனியில் வந்து இருந்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, இவனால் ஆபத்தில்லை என்று அங்கேயே கண்ணை மூடியது. கீழே பாதாளம் இருக்கிறது என்கிற நினைப்புக்கூட அன்றைக்குத் தூரத்தில்தான் இருந்தது.

மூன்றாவது தடவை தவளைப் பொம்மையை இழுத்தபோது தாமரை இலை வெடித்தது. எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கயாக் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நின்றபோது, என் முழங்கை நீளத்துக்கு ஒரு கருத்த விரால் என் கால்களுக்கிடையில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நனைத்த உரப்பைக்குள் விட்டு வாயைக் கட்டினேன். தண்ணீருக்கு வெளியேயும் வெகுநேரம் உயிரோடு கிடக்கிற மீன் அது. மாமாவுக்குத் துடிக்கத் துடிக்கக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

வேலை முடிந்துவிட்டது. சாய்ந்து படுத்தேன். படுத்ததும் மத்தியானச் சாப்பாடு தொடங்கிவிட்டது. மாமா கதிரையில் இருக்கிறார். ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னையே பார்க்கிறார். "மருமகன், இது எந்தப் பக்கத்தில பிடிச்சது?" என்கிறார். நான் சொல்கிறேன். அவர் தன் இளவயதில் அதே பக்கத்தில் பிடித்த விராலைப் பற்றிச் சொல்கிறார். பிறகு வயல், வரம்பு, உரம், போன போகத்து வெள்ளம் என்று ஐந்து மாதத்துக் கதை முழுவதும் கொட்டுகிறது. கதைத்துக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுகிறார். அப்போது தூரத்தில் பறைச் சத்தம் கேட்கிறது. சாப்பாட்டு நேரத்தில் ஏன் பறை அடிக்கிறார்கள் என்று நான் மாமாவைக் கேட்கிறேன்.

கண்ணைத் திறந்தேன். வெயில் ஏறியிருந்தது. பறைச் சத்தம் நிற்கவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி, என் கயாக்கை மெல்ல மெல்லக் குளத்தின் மறுகரைக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. மறுகரையில் ஊர்ப் படித்துறை. படித்துறையில் ஊர். வெள்ளை வேட்டிகளும், குடம் ஏந்திய பெண்களும், உடுக்கோடு பூசாரியாரும், எல்லோருக்கும் முன்னால் மஞ்சள் துணி சுற்றிய பித்தளைக் குடத்தோடு மாமாவும்.

பிறகு சுகந்தி சொல்லித்தான் முழுவதும் விளங்கியது. அந்த ஊரில் கோயில் கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்தி முடியும்வரை ஒரு வீட்டுக்குள்ளும் மச்சம் போகாது. மீன் சட்டிகளைக்கூடக் கழுவிக் கவிழ்த்து விடுவார்கள். குளத்தில் ஒருவரும் வலை போட மாட்டார்கள், தூண்டில் போட மாட்டார்கள். குளிர்த்திக்கான தண்ணீரை அதற்கு முந்தினநாள் காலையில் இந்தக் குளத்திலிருந்துதான் எடுப்பார்கள். அந்தத் தண்ணீரின் நடுவில் மருமகன் பூசணிக்காய் நிறக் கயாக்கில், மடியில் விராலோடு. (நிசாமுக்கு இது தெரியாமல் போனது நியாயம். எனக்கு?)

துடுப்பைத் தேடினேன். அது எனக்கு முன்பே புறப்பட்டுத் தாமரைக்குள் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல காற்று அடித்து ஒரேயடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் அவமானம் சுருக்கமாக முடிந்திருக்கும். ஆனால் அது அவசரமில்லாத காற்று. நான் ஊரை நோக்கி மிக மெதுவாக, ஒரு பூ மிதந்து வருகிற வேகத்தில் மிதந்து வந்தேன். கையால் துழாவினேன், கயாக் அழகாக வட்டமடித்து, என் முதுகை ஊருக்கு ஒருதரம், முகத்தை ஒருதரம் காட்டியது. பறை மெல்ல ஓய்ந்தது. முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. மாமி. சுகந்தி, அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மாமா அசையாமல் நின்றார்.

உரப்பையைக் காலுக்குள் ஒளித்தேன். உரப்பை துள்ளியது. மேலே ஏறி இருந்தேன். என்னையும் சேர்த்துத் தூக்கித் துள்ளியது.

இனி அவர் ஆயுளுக்கும் என்னோடு கதைக்கப் போவதில்லை என்று அப்போது தீர்மானமாகத் தெரிந்தது. அந்த நினைப்பில்தான் பையின் கட்டை அவிழ்த்தேன். மீனை விட்டுவிட்டால் பாதிப் பாவமாவது குறையும் என்று. விரால் பையிலிருந்து நேராக என் முகத்தில் ஓர் அறை விட்டுத் தண்ணீருக்குள் போனது. அந்த அறையில் நான் மற்றப் பக்கத்தால் போனேன். கயாக் என் மேல் கவிழ்ந்தது.

பாதாளம். கடைசியில் அது என்னைப் பிடித்துவிட்டது. கண்ணுக்குள் சேறு, வாய்க்குள் குளம், மேல் எது கீழ் எது தெரியவில்லை. தலை வெளியே வந்தபோதெல்லாம் "அம்மா, அம்மா" என்று கத்தினேன். நான் என் சொந்த அம்மாவைத்தான் கூப்பிட்டேன். கரையில் நின்ற இரண்டு பெண்கள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, தாயே என்று கைகூப்பிக் கூடவே தொடங்கிவிட்டார்களாம்.

அப்போது என் தலைக்கு மேலே, மிகக் கிட்டத்தில், ஒரு குரல் கேட்டது. குசினிக்கும் பசுவுக்கும் மட்டும் நான் கேட்டுப் பழகிய குரல்.

"மருமகன், எழும்பி நில்லுங்கோ. முழங்கால் தண்ணிதான்."

எழும்பி நின்றேன். முழங்கால் தண்ணீர்தான். மாமா குடத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எனக்குப் பக்கத்தில் நின்றார். என் காதில் ஒரு தாமரைத் தண்டு தொங்கியது. அவரே அதை எடுத்துவிட்டார்.

பூசாரியார் குளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர் அவர் வாயைப் பார்த்தது. பிறகு அவர், மீன் உயிரோடு போய்விட்டது, தம்பியும் தலைமுழுகி விட்டார், குறையொன்றும் இல்லை, தண்ணீரை எடுங்கள் என்றார். தண்ணீர் சுமக்கிறவர் குளத்தில் முழுகி எழும்ப வேண்டும் என்பதும் அந்த ஊர் வழக்கமாம். அன்று அங்கே என்னளவுக்கு முழுகியவர் வேறு யாருமில்லை. மாமா குடத்தை நிரப்பி என் தோளில் வைத்தார். சேறு வழிய வழிய, ஒரு செருப்பும் இல்லாமல், கோயில்வரைக்கும் நடந்தேன். அவர் வழி முழுக்க என் பக்கத்திலேயே வந்தார், ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. நல்லவேளை, என் முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

பத்து மணிக்கு வந்து, பூசணிக்காய் நிறத்தைக் கண்டு படித்துறைக்குச் சுற்றி வந்த நிசாம் முதலில் கயாக்கைத் தடவிப் பார்த்தான், பிறகுதான் என்னைப் பார்த்தான். "மீன் எங்கடா?" என்றான். பிடித்துத் திருப்பி விட்டுவிட்டேன் என்றேன். முத்தம் கொடுத்தாயா என்று கேட்டான். அதுதான் கொடுத்தது என்று கன்னத்தைக் காட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எனக்கு நிம்மதி இல்லை. வரி கட்ட மறந்துவிட்டேனே என்று தலையில் கை வைத்தால், "முழங்கால் தண்ணிதான்" என்பாள் சுகந்தி. அவளுக்குப் பிள்ளைப்பேற்று நோ எடுத்த விடியற்காலையில் நான் பதறிப்போய் மாமாவுக்குப் போன் எடுத்தபோது, அவர் "எழும்பி நில்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அன்று பிறந்த மகளுக்கு இப்போது ஆறு வயது. நான் மோட்டார் சைக்கிள் திறப்பைத் தொலைத்துவிட்டு வீட்டைப் புரட்டும்போது, அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே சொல்கிறாள்.

போன மாதம் மாமாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. சின்ன விசயம், பின்னேரமே வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி மர வாங்கில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். தாதி வந்து அவர் பெயரைக் கூப்பிட்டா. அவர் எழும்பவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டா. அவர் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது, குளிர்ந்திருந்தது. யாருக்கும் கேட்காத குரலில், "மருமகன், இது முழங்கால் தண்ணிதானே?" என்றார்.

"ஓம் மாமா. முழங்கால்கூட இல்லை," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தபடியே எழும்பி நின்றார்.