மகிழ்ச்சிப் படிவம்

காணியாறு என்றொரு நாடு. அங்கே மன்னரும் உண்டு, தேர்தலும் உண்டு, கைபேசியும் உண்டு. மன்னர் தங்கமானவர். முன்னால் வைக்கும் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்திடுவார். படிக்கிற தொல்லையைக் கருவூல அமைச்சர் பராங்குசர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஓராண்டு கருவூலம் வறண்டுபோயிற்று. ஏன் வறண்டது என்று கேட்பது அந்த நாட்டில் நாகரிகமில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. அமைச்சர் மட்டும் கவலையோடு கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது 'பழசு பஜார்' என்ற செயலி கண்ணில் பட்டது. மக்கள் பழைய கிதார், மீன்தொட்டி, கிரிக்கெட் மட்டை என்று ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீர்களா, குடிமக்கள் விளையாடிக்கொண்டே சம்பாதிக்கிறார்கள்!" என்று அமைச்சரவையில் முழங்கினார்.

"ஐயா, வாங்கிய விலையில் பாதிக்குக்கூட விற்கவில்லையே. அது நட்டமல்லவா?" என்றார் புதிதாக வந்த துணைச் செயலர்.

"நட்டம் என்பது ஆதாயத்தின் மாறுவேடம்" என்றார் பராங்குசர். எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். துணைச் செயலர் மறுவாரம் ஓர் எல்லைச் சாவடிக்கு மாற்றப்பட்டார்.

முதல் ஆணை வந்தது. பழைய பொழுதுபோக்குப் பொருளை விற்றால் கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்ற விலை முழுவதும் ஆதாயமாகவே கொள்ளப்படும். நட்டம் என்று சொல்பவர் வாங்கியபோது கொடுத்த ரசீதைக் காட்டி நட்டச் சான்றிதழ் பெறலாம். அதுவரை பொருள் கைமாறக் கூடாது.

இந்த ஆணை வந்த தை மாதத்தில்தான் செண்பகவடிவு தன் பைனாகுலரை விற்க முன்வந்திருந்தாள். ஏரியின் தென்கரையில் இருந்த படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் வேலை அவளுக்கு. பதினெட்டு வருடமாக ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கரையில் உட்கார்ந்து பறவை பார்த்தவள். இப்போது கண்ணில் நீரழுத்தம் ஏறி, வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பாதிதான் பாக்கி. காணியாற்றில் பழம்பொருளை விற்பவர் அதன் குறைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கம். அவளும் அப்படியே எழுதினாள்: "வலது கண்ணாடி ஓரத்தில் பூஞ்சை இருக்கிறது. திருகு குளிர்காலத்தில் இறுகும். வார் ஒருமுறை அறுந்து நானே தைத்தது, தையல் கோணல்."

அன்றே வடகரையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். வேலம்மை என்று பெயர், உப்பளத்தில் வேலை. மூட்டையோடு சறுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல் விட்டு, சித்திரை வரை படுக்கையைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஜன்னல் வழியா ஏரி தெரியுதுக்கா. பறவையெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு. இத்தனை வருசம் பக்கத்துலயே இருந்தும் ஒண்ணுகூட என்னன்னு தெரியாது."

"மாசி கடைசில எல்லாம் கிளம்பிடுமேம்மா. அடுத்த வருசமும் வரும், அவசரமில்ல."

"அடுத்த வருசம் நான் எந்திரிச்சிருவேன்க்கா. எந்திரிச்சா உப்பளம். அப்புறம் எங்க பார்க்குறது?"

இந்தப் பைனாகுலர் இவளுக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை என்று செண்பகவடிவு அப்போதே முடிவு செய்துவிட்டாள். மறுநாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கருவூல அலுவலகத்துக்குப் போனாள்.

நட்டச் சான்றிதழ் அலுவலர் ஏகாம்பரம் ரசீது கேட்டார்.

"இல்லீங்க. பதினெட்டு வருசமாச்சு."

"வாங்கிய கடையில் நகல் பெற்று வருக."

"அந்தக் கடைய இடிச்சுட்டுத்தான் சார் இந்த ஆபீஸ் கட்டியிருக்கீங்க."

ஏகாம்பரம் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, இது குறித்து மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். நாடு முழுவதும் இதே கதைதான். எவர் வீட்டிலும் ரசீது இல்லை. தை மாதம் போயிற்று.

மேலிடம் இரங்கி இரண்டாவது ஆணையை அனுப்பியது. ரசீது இல்லாதவர்கள், அந்தப் பொருளால் அடைந்த மகிழ்ச்சியைப் படிவத்தில் தெரிவிக்கலாம். பொழுதுபோக்கின் ஆதாயம் மகிழ்ச்சியே என்பதால் அதற்கேற்ப வரி விதிக்கப்படும். வரி தீரும்வரை பொருள் கருவூலத்தின் காவலில் இருக்கும். மகிழ்ச்சியே அடையவில்லை என்று சத்தியம் செய்பவருக்கு அங்கேயே சான்றிதழ்.

கேட்க வேண்டுமா? அலுவலக வாசலில் வரிசை தெருமுனை தாண்டியது. கிதார் விற்றவன் ஒரு பாட்டுக்கூட ரசித்ததில்லை என்றான். சதுரங்கப் பலகை விற்ற ஒருவர், மகளோடு ஆடிய ஆட்டம் அத்தனையும் சலிப்பு என்று கையெழுத்திட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். அதே வாரம் நாட்டின் துறைமுகம் 'மன்னரின் பழைய பொழுதுபோக்கு, ஓரத்தில் சிறு கீறல்' என்ற குறிப்போடு பஜாரில் ஏறி, அமைச்சரின் மைத்துனருக்கு விற்பனையானது. மகிழ்ச்சி ஏதும் இல்லை என்று அமைச்சரே சத்தியம் செய்தார். சான்றிதழ் கால்மணி நேரத்தில் கிடைத்தது.

செண்பகவடிவு படிவத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அல்ல. சில்லறை இல்லை என்று தினம் பத்துப் பேரிடமாவது சொல்கிறவள்தான். ஆனால் கணவன் விட்டுப்போன வருடம் தன்னைக் காப்பாற்றியதே அந்த ஏரிக்கரைதான். அதைப் போய் ஒன்றுமில்லை என்று எப்படி எழுதுவது? மாசி பிறந்து ஐந்து நாளாகிவிட்டது. வேலம்மையை நினைத்துக்கொண்டு, 'மகிழ்ச்சி: இல்லை' என்று எழுதினாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

மறுநாள் பைனாகுலர் வடகரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் காலையில் கைபேசி ஒலித்தது.

"அக்கா, வெள்ளையா ஒண்ணு. வாய் அகப்பை மாதிரி இருக்கு. தண்ணிய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவுது."

"கரண்டிவாயன்மா அது!"

"தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டுக்கிட்டு ஒரு கூட்டம் நிக்குதே?"

"வரித்தலை வாத்து. பனிமலையத் தாண்டி வந்துருக்கு. நல்லாப் பாத்துக்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒருத்தி பார்ப்பாள், ஒருத்தி பெயர் சொல்வாள். இருவரும் சிரிக்கிற சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்.

இதற்குள் தேர்தல் நெருங்கியது. எதிர்க்கட்சிக்காரர்கள் படிவங்களை எண்ணிப் பார்த்து, இந்த ஆட்சியில் பதினோரு லட்சம் பேர் மகிழ்ச்சியே அடைந்ததில்லை என்று சத்தியம் செய்திருப்பதாக ஊர் ஊராக முழங்கினார்கள். மன்னருக்கே காதில் விழுந்துவிட்டது.

"பராங்குசரே, நம் நாட்டில் ஒருவர்கூடவா சந்தோஷமாக இல்லை?"

"உடனே ஒருவரைக் கண்டுபிடிக்கிறோம், மன்னா."

நாடெங்கும் தேடினார்கள். கடைசியில் அக்கம்பக்கத்துப் புண்ணியவான் ஒருவர் செண்பகவடிவின் சிரிப்பைப் பற்றித் துப்புக் கொடுத்தார். ஏகாம்பரம் வீட்டுக்கே வந்தார்.

"அம்மையீர், அரசு நடத்தவிருக்கும் மகிழ்ச்சி விழா மேடையில், பைனாகுலரால் மகிழ்ச்சி அடைந்தேன் என்று தாங்கள் கூற வேண்டும். பொய்ச் சத்தியம் மன்னிக்கப்படும்."

"சொல்லலைன்னா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதைப் பறிமுதல் பண்ணச் சொல்லியிருக்காங்கம்மா. அந்தப் பொண்ணு கையில இருந்து நானே போய்ப் பிடுங்கணும். என்னால முடியாதும்மா."

விழா அன்று வெயில் கொளுத்தியது. மன்னரும் அமைச்சரும் பந்தலுக்குள் அமர்ந்திருந்தார்கள். செண்பகவடிவிடம் எழுதிக் கொடுத்திருந்த உரையை அவள் கண்ணால் படிக்க முடியவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் சந்தோசமாத்தான் இருந்தேன். பொய்ச் சத்தியம் பண்ணது தப்பு, மன்னிச்சுக்கங்க. பதினெட்டு வருசம், ஏரிக்கரையில உக்காந்து பறவை பார்த்தப்ப அவ்வளவு சந்தோசமா இருந்தேன். என்னைச் சீண்ட அங்க யாரும் வரமாட்டாங்க. காசு கேக்க மாட்டாங்க, ரசீது கேக்க மாட்டாங்க. அரசாங்கம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லைங்க. அதான்."

கூட்டத்தின் கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சதுரங்கப் பலகை விற்றவர் மகளைத் தேடித் திரும்பிப் பார்த்தார். மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமைச்சர் பராங்குசர் மட்டும் தம் செயலரை அருகில் அழைத்து, "எந்த ஏரிக்கரை?" என்று கேட்டார்.

பறிமுதல் நடக்கவில்லை. சொன்ன சொல்லை அரசு காப்பாற்றியது என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் பாராட்டின.

நான்காம் நாள் காலை வேலம்மை கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"அக்கா, கரையில லாரி லாரியா ஆளுங்க வந்து எறங்குறாங்க. கம்பி வேலி போடுறாங்க. தென்கரையில சீட்டுக் குடுக்குற கூண்டு மாதிரி என்னமோ கட்டுறாங்க. மேல பெருசா பலகை. அமைச்சர் படம் போட்டிருக்கு."

செண்பகவடிவு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தான் வாயைத் திறந்ததால் வந்த வினை என்று உடனே விளங்கியது.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன். பறவைங்க?"

"இருக்குக்கா. சத்தத்துல நடுத்தண்ணிக்குப் போயிருச்சு. ஆனா எல்லாம் இருக்கு."

"வேலிய விடு. அதைச் சொல்லு."