கீரியின் ஃபாரத்தில் இல்லாமல் போன கட்டம்

ஒரு காட்டில், சும்மா காடு இல்லை, சொந்தமாகப் பல்கலைக்கழகமே வைத்திருந்த காட்டில், வடிவு என்று ஒரு கீரி இருந்தாள். பாம்பு பிடிக்க வேண்டிய வயதில் முனைவர் பட்டத்தைப் பிடிக்கப் போனவள். பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், கேட்டால்தானே! 'காட்டு ஜீவராசிகளின் பொதுவாழ்வில் சமயத்தின் பங்கு' என்பது அவள் ஆராய்ச்சித் தலைப்பு. பதிவு செய்து ஏழு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு தடவை கெடு நீட்டியாயிற்று. வருகிற பௌர்ணமிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று கடிதமும் வந்துவிட்டது. பாவம், அவளுக்கு ஒரு எலிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், அந்தக் காட்டில் சமயம் என்ற ஒன்றே கிடையாது. எல்லாரும் குளத்துக்கு வருவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், ஒருத்தரை ஒருத்தர் முறைப்பார்கள், போய்விடுவார்கள். ஏழு வருஷமாக வடிவு குறிப்பெடுத்து வைத்திருந்தது இவ்வளவுதான்.

கடைசி முயற்சியாக ஒரு கேள்வி ஃபாரம் தயாரித்து, தன் கைடு ஆமைப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். ஒன்பதாம் கேள்வி, 'நீங்கள் வணங்குவது எது?' அதற்கு மூன்று கட்டம்: குளக்கரைக் கல், ஆலமரம், எதுவுமில்லை. ஆமை கழுத்தை நீட்டி நிதானமாகப் படித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தின் மேல் ஒரே கோடாகக் கிழித்தார்.

"ஐயா, நிறையப் பேர் அதைத்தானே சொல்லுவாங்க?"

"அதனாலதாம்மா அடிக்கிறேன். எல்லாரும் எதுவுமில்லைன்னு சொல்லிட்டா, நாலாம் அத்தியாயத்துல நீ என்னத்த எழுதுவே? வெறும் தாளையா பைண்டு பண்ணிக் கொடுப்பே?"

சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். கலந்தாலோசனை முடிந்தது என்று அர்த்தம். வடிவுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்ததே, என்ன செய்வாள்!

முதலில் மாட்டியது காட்டுப்பன்றி கொம்பையா. நேர்மையான பன்றி. சேற்றில் புரண்டுகொண்டே கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டார்.

"நான் எதையும் கும்பிடுறதில்லையே தாயி."

"ஏதாவது ஒண்ண டிக் பண்ணித்தான் ஆகணும் அண்ணாச்சி."

"அப்படியா? அப்ப கல்லுன்னு போட்டுக்கோ. அதுதான் நம்ம வீட்டுக்குப் பக்கம்."

பத்தாம் கேள்வி, 'எத்தனை முறை?' வாரத்துக்கு ஒன்றா, மூன்றா, தினமுமா? கொம்பையா கூச்சத்தோடு ஒன்று என்று சொல்லி, சேற்றுக் குளம்பைத் தாளில் பதித்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கொம்பையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளம்பு வைத்துவிட்டோமே, நாளைக்கு யாராவது கேட்டால் பொய் சொன்ன பன்றி என்று பெயர் வந்துவிடுமே! எழுந்து போய்க் கல்லுக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு மான் நின்றது. மானுக்குப் பின்னால் ஒரு முயல்.

"என்ன குடுக்காங்க?" என்றது முயல்.

"தெரியல. தள்ளாம நில்லு."

இப்படி வரிசை குளத்தைச் சுற்றி வளைந்தது. கல்லில் இடம் கிடைக்காத கோபத்தில் குரங்குகள் எல்லாம் ஆலமரத்துக்கு டிக் போட்டன. மூன்றே வாரத்தில் கல்லுக்கு மாலை, மரத்துக்குத் துணி, இரண்டுக்கும் தனித்தனிக் கமிட்டி! வடிவு சந்தோஷத்தில் நாலாம் அத்தியாயம் எழுதினாள். குரங்குகள் கல்லுக்காரர்கள் தலையில் ஆலம்பழத்தை எறிந்தன, பன்றிகள் ஆலம் வேரைத் தோண்டின. அவள் ஐந்தாம் அத்தியாயமும் எழுதினாள்.

சண்டை முற்றியதும் பஞ்சாயத்து யானை தீர்ப்புச் சொன்னாள். "கல்லுக்காரங்க காலைல தண்ணி குடிங்க. மரத்துக்காரங்க மத்தியானம். யார் யாருன்னு அந்தப் படிச்ச பொண்ணு ஃபாரத்தைப் பார்த்து லிஸ்ட் எழுதிக்கங்க." லிஸ்டோடு குளத்து வாசலில் கொம்பையா உட்கார்ந்தார்.

எழுதி முடித்த மயக்கத்தில், நா வறண்டு, வடிவு குளத்துக்கு வந்தாள்.

"உன் ஃபாரம் எங்கம்மா?" என்றார் கொம்பையா.

"அண்ணாச்சி! அந்த ஃபாரத்தைத் தயாரிச்சதே நான்தானே!"

"தயாரிச்சவ பேரு லிஸ்ட்ல இல்லையே. நீ கல்லா, மரமா?"

"ஆராய்ச்சி பண்றவ ஒரு பக்கமும் சாயக்கூடாது அண்ணாச்சி."

"சாயாம எப்படிம்மா தண்ணி குடிப்பே?" நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

இரண்டு நாள் இலையில் இருந்த பனியை நக்கிப் பார்த்தாள். தாகம் அடங்கவில்லை. ஆய்வேடோ ஆறு கிலோ. மறுநாள் பௌர்ணமி. தண்ணீர் குடிக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு அவளால் பத்தடிகூட நடக்க முடியாது. தவழ்ந்துபோய்ப் பஞ்சாயத்தில் நின்று, இருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"தப்பு என்னோடதுங்க! மூணாவதா எதுவுமில்லைன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதை அடிச்சுட்டோம். உங்கள்ல முக்கால்வாசிப் பேர் எதையும் கும்பிட்டதே கிடையாது. கொம்பையா அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்களேன்!"

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியெல்லாம் பேசாத தாயி. மூணு வெள்ளிக்கிழமையா கால் கடுக்க நின்னிருக்கேன்."

கூட்டம் கசமுசவென்றது. யானை காதை ஆட்டி அடக்கினாள். "கட்டம்தானே விட்டுப்போச்சு? சேர்த்துட்டாப் போச்சு. எதுவுமில்லைக்காரங்களுக்குச் சாயங்காலம் தண்ணி."

அன்று சாயங்காலமே நாற்பது பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் மற்ற வரிசைகளில் இடிபட்டுக் கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள். வடிவுக்கு உயிர் வந்தது. நம்மைப்போல நினைக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று மனம் குளிர்ந்து, அவசரமாகக் குளத்தைப் பார்த்து நடந்தாள். முயல் மறித்தது.

"அக்கா, பத்தாம் கேள்விக்கு என்ன போடுறது? எதையும் கும்பிடாம இருக்கிறத வாரத்துக்கு ஒரு தடவை செய்யணுமா, மூணு தடவையா, தினமுமா?"

வடிவு வாயைத் திறந்தாள். ஏழு வருஷப் படிப்பும் தொண்டை வரைக்கும் வந்தது. முயலுக்குப் பின்னால் தண்ணீர் தளதளவென்று கிடந்தது.

"பதிலைச் சொல்லிடு தாயி. அப்பத்தான் பேரு ஏறும்," என்றார் கொம்பையா.

"தினமும்," என்றாள் வடிவு.

"எந்தத் திசையைப் பார்த்து?" என்றது முயல்.

அவள் களைத்துப்போய்ச் சும்மா ஒரு காலி இடத்தைக் காட்டினாள். நாற்பது பேரும் அந்தக் காலி இடத்தின் முன்னால் வரிசையாக நின்று, பயபக்தியோடு கும்பிடாமல் இருந்தார்கள். முதல் ஆளாக வடிவு நின்றாள். நின்றுவிட்டுப் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

குடித்து நிமிர்ந்தால், கரையில் ஆமைப் பேராசிரியர் முழுக் கழுத்தையும் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "சபாஷ்! ஆறாம் அத்தியாயமும் கிடைச்சிருச்சு." மறுநாள் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது, பட்டமும் வந்தது. முனைவர் வடிவு இன்றைக்கும் தினமும் சாயங்காலம் தவறாமல் அந்தக் காலி இடத்துக்குப் போய் நிற்கிறாள்.

நீதி: கடவுள் உண்டா இல்லையா என்பதை நிதானமாக ஆராய்ந்துகொள்ளலாம், முதலில் உங்கள் பெயர் தண்ணீர் லிஸ்டில் உண்டா என்று பாருங்கள்.