கிளச்சறுத்த சுவாமிகள்

எண்பத்து நாலாம் வருஷம் குற்றாலத்தில் சாரல் சரியாகப் பிடிக்கவில்லை. அருவியில் தண்ணீர் நூலாக விழுந்தது. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தனை பேரும் ஐந்தருவிச் சாலையில், கிளச்சறுத்த சுவாமிகளின் ஆசிரமத்து மைதானத்தில் நின்றார்கள். ஆசை, கோபம், கிளச்சு மூன்றையும் அறுத்தவராம். முதல் இரண்டைப் பற்றி எனக்குத் தெரியாது. மூன்றாவதை நானே பார்த்தேன்.

ஜீப் உயரத்துக்கு ஒரு வெளிநாட்டு வண்டி. சுவாமிகள் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்குவார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கம்பியைத் தட்டுவார். பிறகு இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போடுவார். வண்டி தானாக நகரும். மைதானத்தைச் சுற்றி வந்ததும், "பூமாதேவிக்கு வணக்கம்" என்று ஒரு காலைக் கீழே விடுவார். வண்டி நிற்கும். கம்பியைப் பழையபடி தட்டிவிடுவார். அந்தப் பூமாதேவி ஒரு காவித் துண்டுக்கு அடியில் குடியிருந்தாள். துண்டை விலக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அம்பாசடர் ஓட்டிப் பழகிய ஊர் அது. கிளச்சை மிதிக்காமல் கியர் போட்டால் வண்டி கத்தும், பிறகு முதலாளி கத்துவார் என்று மட்டுமே தெரிந்த டிரைவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் சிவனணைந்தபெருமாள். தென்காசியில் சொந்த அம்பாசடரை வாடகைக்கு ஓட்டுகிறவர். இடது முழங்கால் போய்விட்டது. அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்காரக் கதவையும் கூரையையும் பிடித்துத் தொங்க வேண்டும். கிளச்சை மிதித்தால் கண்ணில் தண்ணீர் வரும். வண்டி ஓட்டாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. சுவாமிகளிடம் போய் அழுதார். அவருடைய வண்டியிலும் மந்திரத்தால் கிளச்சை அறுத்துத் தருவதாகச் சுவாமிகள் அருளினார். வடகரையில் இருக்கும் தென்னந்தோப்பை ஆசிரமத்துக்கு எழுதி வைத்தால் போதுமாம். திங்கட்கிழமை பத்திரப்பதிவு என்று முடிவாயிற்று. பற்றில்லாதவருக்குத் தோப்பு எதற்கு என்று கேட்ட ஒருவனைக் கூட்டம் முறைத்தது. கேட்டவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை சிவனணைந்தபெருமாளோடு அவருடைய மனைவி குழல்வாய்மொழியும் வந்தாள். அவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தத் தோப்பு. சுவாமிகள் வழக்கம்போலச் சம்மணம் போட்டுச் சுற்றி வந்தார்.

கூட்டம் சுவாமிகளின் முகத்தைப் பார்த்தது. அவள் அவருடைய காலைப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் புருஷனின் இடது காலுக்கு எண்ணெய் தேய்த்தவள் வேறு எதைப் பார்ப்பாள்? வண்டி நின்றதும் கிட்டே போனாள், காவித் துண்டைத் தூக்கினாள், குனிந்தாள்.

"இங்கேருங்க, இதுல கிளச்சே இல்லையே. ரெண்டு மிதிதான் கெடக்கு" என்று புருஷனிடம் சொன்னாள்.

தவத்தின் வெப்பத்தில் அது உதிர்ந்துவிட்டது என்றார் சுவாமிகள். கூட்டம் சிலிர்த்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு மண்டலம் விரதமிருந்தவர் உட்கார்ந்தால்தான் வண்டி நகரும் என்றும் சொல்லித் தொலைத்தார்.

"அப்போ நான் உக்காந்தா நகராதுல்லா? காலைல நெத்திலிக் கருவாடு தின்னுட்டுத்தான் வாரேன்."

சுவாமிகள் இறங்க மறுத்தார். கூட்டம் விடவில்லை. அவளுக்குப் புத்தி வரட்டும் சாமி என்று பக்தர்களே அவரைத் தூக்கி இறக்கினார்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழல்வாய்மொழி நாற்காலியில் உட்காருவதுபோல ஏறி உட்கார்ந்தாள். அவர் தட்டிய மாதிரியே கம்பியைத் தட்டினாள். சேலையை ஒதுக்கிச் சம்மணம் போட்டாள். கருவாட்டு மணத்தோடு வண்டி நகர்ந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுப் போனாள், இரண்டாவது சுற்றில் வண்டி மைதானத்து ஓரத்தில் இருந்த ஆசிரம உண்டியலைப் பார்த்துத் திரும்பியது.

சுவாமிகள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பூமாதேவி ஞாபகத்துக்கு வரவில்லை.

"பிரேக்க மிதி தாயி, எடப்பக்கத்து மிதி, அதான் பிரேக்கு" என்று அலறினார்.

மிதித்தாள். உண்டியலை லேசாக முட்டிச் சாய்த்துவிட்டு வண்டி நின்றது.

அப்போதுதான் அச்சன்புதூர் மசூது வாயைத் திறந்தான். துபாயில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவன். "அங்கன எங்க மொதலாளி வண்டியும் இப்படித்தான் அக்கா. ஆட்டோமேட்டிக்குன்னு பேரு. சாமி வண்டின்னா மந்திரத்துல ஓடுதுன்னு நெனச்சிட்டேன்."

சிவனணைந்தபெருமாள் ஏறி உட்கார்ந்தார். முனகல் இல்லை. வலது காலால் மட்டும் ஓட்டி ஒரு சுற்று வந்து இறங்கினார். இடது காலைத் தடவிக்கொண்டு குழந்தையாக அழுதார். பாதித் தோப்பை விற்றாவது இப்படி ஒரு வண்டி தேடி வாங்கலாம், சாமிக்குக் கொடுப்பதை முழங்காலுக்குக் கொடுப்போம் என்றாள் மனைவி.

இதற்குள் சுவாமிகள் செங்கோட்டை பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். கூட்டம் கொஞ்ச நேரம் வெட்கப்பட்டது. பிறகு அதற்குக் கை சும்மா இருக்கவில்லை. கருவாடு தின்றும் வண்டியை நகர்த்திய தாய் என்று யாரோ சொல்ல, பத்துப் பேர் எலுமிச்சம்பழத்தோடு குழல்வாய்மொழியின் காலில் விழுந்தார்கள்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. இவ்வளவு குனியத் தெரியுதுல்லா உங்களுக்கு? வண்டிக்குள்ள ஒரு தடவ குனிஞ்சு பாத்திருந்தா நான் இங்கன வந்திருக்கவே வேண்டாமே."