விழிப்புணர்வாளர் வருகிறார், ஓரமாக நில்லுங்கள்

விழிப்புணர்வாளர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. கொசுவைப் போல வருஷம் முழுக்க இருக்கிற இனம்தான் என்றாலும், நிதியாண்டு மூச்சு வாங்கும் மார்ச் மாதத்தில் கூட்டம் கூட்டமாகத் தென்படும். அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் ஒரு குழியில் விழுந்து கிடக்கிறீர்கள் என்று வையுங்கள். யாரோ ஓடிவந்து கை கொடுப்பார், அவரில்லை. பக்கத்தில் நிதானமாகக் குனிந்து, "வரும்போது கீழே பார்த்து வந்தீர்களா?" என்று ஒருவர் விசாரிப்பார் பாருங்கள், அவர்தான். இல்லை என்று சொல்லிப் பாருங்கள். "அதான்" என்பார். அந்த ஒரு சொல்லில் அவர் முகத்தில் எத்தனை நிம்மதி! குழி குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிட்டதல்லவா?

செவ்வாப்பேட்டை பூவராகவன் இந்த இனத்தின் நல்ல மாதிரி.

சாலை விஷயத்தில் அரசாங்கம் மூன்று விதமாகச் செலவு செய்கிறது. சாலை போடச் செலவு செய்கிறது. போட்ட சாலையில் எப்படிப் போக வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செலவு செய்கிறது. சொல்லிக்கொடுத்த பிறகும் அவர்கள் ஏன் அப்படிப் போகவில்லை என்று ஆராயச் செலவு செய்கிறது. முதலாவதில் தார் உண்டு, இரண்டாவதில் சமோசா உண்டு, மூன்றாவதில் வரைபடம் உண்டு. இந்த இரண்டாவதும் மூன்றாவதும் திருவள்ளூர் மாவட்டத்தில் கைகுலுக்கிக்கொள்ளும் இடத்தில், ஒளிரும் பச்சைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்றிருந்தவர் பூவராகவன். பயிற்சிக்கும் அவரே ஒருங்கிணைப்பாளர், ஆய்வுக்கும் அவரே. கை சுத்தமான மனிதர். இதை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். கை நீட்டுகிறவராக இருந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வெளியே நெடுஞ்சாலையில் எடைமேடை ஸ்டாப்பிங் என்று ஓரிடம். எடைமேடை போய்விட்டது, ஸ்டாப்பிங் நிற்கிறது. பஸ் இந்தப் பக்கம் இறக்கிவிடும். கம்பெனி அந்தப் பக்கம் இருக்கும். நடுவே ஆந்திராவுக்குப் போகிறதும் ஆந்திராவிலிருந்து வருகிறதுமாகக் கன்டெய்னர்கள். இரண்டு போக்குக்கும் மத்தியில் தடுப்பு, தடுப்பில் அரளிச் செடிகள், அரளிக்குள் ஓர் ஆள் நுழைகிற சந்து. எந்த இலாகாவும் டெண்டர் விட்டுப் போட்டதல்ல அந்தச் சந்து. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டிபன் பையை மாரோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற பெண்களின் கால்கள் போட்டது.

போன மழைக்காலத்தில் சுகிர்தா என்கிற பெண்ணை அங்கே ஒரு வேன் தட்டிவிட்டுப் போயிற்று. தொடையில் கம்பி வைத்து மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்தாள். அவளோடு பேக்கிங்கில் வேலை செய்யும் ஆரோக்கியமேரி கம்பெனிப் பெண்களைத் திரட்டி, அந்த இடத்தில் ஒரு நடைமேம்பாலம் வேண்டுமென்று கேட்டாள். அதிசயம் பாருங்கள், பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது! பாலத்தை எந்த இடத்தில் வைப்பது என்று ஓர் ஆய்வு சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஆய்வோடு தொழிலாளருக்கு ஒருநாள் பயிற்சியும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். பூவராகவன் இடத்தைப் பார்வையிட வந்தார்.

"அடிபட்ட பொண்ணு அன்னிக்கு என்ன கலர் டிரஸ் போட்டிருந்தாங்க?" என்று ஆரோக்கியமேரியிடம் கேட்டார்.

"யூனிபார்ம் சார். கம்பெனி குடுத்தது. கருநீலம்."

"அதான்."

"இன்னா சார் அதான்? வேன்காரன் லைட்டே போடாம ராங் சைடுல வந்தான்."

"லைட் போடாத வண்டி வரும்னு எதிர்பார்த்துத்தாம்மா ரோட்டுல கால் வைக்கணும். அதுக்குப் பேருதான் விழிப்புணர்வு. முதல்ல மனசு மாறணும்."

"மனசு மாறிக்கினா மட்டும் கம்பெனி இந்தாண்ட வந்துருமா சார்? பாலம் வருமா, அத்தச் சொல்லு."

வரும் என்றார். நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். அன்றிரவு அவருக்குச் சரியாகத் தூக்கம்கூட வரவில்லை. ஒரு கவலை அரித்தது: சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வருகிற வழியில் யாராவது அடிபட்டுவிட்டால்? பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா? விடிந்ததும் கம்பெனியோடு பேசி, பயிற்சி நாளன்று பஸ்களை வைத்து அத்தனை பேரையும் ஊரிலிருந்தும் ரயிலடியிலிருந்தும் ஏற்றி, நேரே கேட்டுக்குள் இறக்கி, மாலையில் அதே மாதிரி திரும்பக் கொண்டுவிட ஏற்பாடு செய்தார். அன்று ஒரு பெண்ணின் செருப்பும் நெடுஞ்சாலையில் படாது. அவர் வாழ்நாளில் செய்த ஏற்பாடுகளிலேயே உயிர் காக்கக்கூடியது இது ஒன்றுதான். அதை அவர் இதர செலவினங்களில் எழுதினார்.

செலவு மிச்சமாகட்டுமே என்று, ஆய்வையும் அதே நாளில் வைத்தார்.

பயிற்சி கம்பெனி கேன்டீன் முற்றத்தில், ஷாமியானா நிழலில் நடந்தது. உறுதிமொழி எடுத்தார்கள். சமோசா எடுத்தார்கள். பிறகு பூவராகவன் தம் சொந்தக் கண்டுபிடிப்பை விரித்தார். கறுப்பு வெள்ளைப் பட்டை அச்சடித்த நீளமான ஃபிளெக்ஸ், அதாவது சுருட்டி எடுத்துப் போகக்கூடிய ஜீப்ரா கிராசிங். கேன்டீன்காரர் ஒருவர் 'பாம்... பாம்...' என்று வாயால் ஒலித்தபடி லாரியாக வர, பெண்கள் வலது பார்த்து, இடது பார்த்து, மறுபடி வலது பார்த்து ஃபிளெக்ஸின் மேல் கடந்தார்கள். லாரி சிரித்துக்கொண்டே நின்றது. எல்லோரும் தேறினார்கள்.

ஆரோக்கியமேரி மட்டும் கை தூக்கினாள். "சார், இந்தப் பாயை இங்கயே உட்டுட்டுப் போயேன். டெய்லி ரோட்ல விரிச்சி தாண்டிக்கிறோம்."

"இது இலாகா சொத்தும்மா. வெயில்ல போட்டா சாயம் போயிடும்."

இந்த நேரத்தில் வெளியே ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பென்னி என்கிற இளம் பொறியாளர் தம் குழுவோடு எடைமேடை ஸ்டாப்பிங்கில் நின்று, சாலையைக் கடக்கும் ஆட்களை எண்ணினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னோரிடம் வேண்டுமே? ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சடையப்பன் பிரியாணிக் கடையெதிரே இன்னொரு குழுவை நிறுத்தியிருந்தார்கள். எடைமேடையில் ஈ காக்கை கடக்கவில்லை. கடக்க வேண்டிய அத்தனை பேரும் கேன்டீனில் ஃபிளெக்ஸின் மேல் கடந்துகொண்டிருந்தார்கள். பிரியாணிக் கடையெதிரே ஜனவெள்ளம். எண்ணுகிறவர்கள் டீக்குக் கடந்தார்கள், நாஷ்டாவுக்குக் கடந்தார்கள். மத்தியானம் இரண்டு குழுவும், ஜீப் டிரைவர்களும், சிறப்பு விருந்தினரும், அவரைப் பார்க்க வந்தவர்களும் பிரியாணிக்குக் கடந்து, பீடாவுக்குத் திரும்பிக் கடந்து, செல்போனைக் கடையில் மறந்துவிட்டு அதற்காகவும் கடந்தார்கள். ஒவ்வொரு கடப்பும் முறைப்படி பதிவாயிற்று.

மாலையில் பென்னி தயங்கித் தயங்கி வந்தார். "சார், எடைமேடையில யாருமே தாண்டல சார்."

பூவராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா பென்னி? ஒரே நாள் பயிற்சி!"

"அதில்ல சார், எல்லாரையும் நாமதானே பஸ்ல கூட்டினு வந்தோம்? அப்புறம் அந்தப் பிரியாணிக்கடை கணக்கு... அது மொத்தமும் நம்ம ஆளுங்க சார்."

"நம்ம ஆளுங்க மனுஷங்க இல்லையா? அவங்க உயிருக்கு மதிப்பில்லையா? பாதசாரின்னா பாதசாரிதான். இங்க மேரி, அங்க பென்னின்னு ஆய்வு பேதம் பார்க்கக் கூடாது."

வாதத்தில் நியாயம் இருக்கிறதா இல்லையா? பென்னிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அறிக்கை போயிற்று.

பாலம் வந்தது. சடையப்பன் பிரியாணிக் கடை வாசலில் இறங்கியது. நீலவண்ணத் தகரக் கூரையும் கைப்பிடியுமாக நல்ல பாலம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டின கையோடு எடைமேடை அரளிச் சந்தில் கம்பி வேலி போட்டார்கள். மறு வாரம் வேலியில் ஒரு சந்து இருந்தது. திறப்பு விழாவில் சடையப்பன் எல்லோருக்கும் இலவசமாகப் பிரியாணி போட்டார். ஆரோக்கியமேரி தன் பங்குக்கு வந்து பூவராகவன் எதிரே நின்றாள்.

"சார், பாலம் பிரியாணிக்குப் போவுது. நாங்க கம்பெனிக்குப் போவணும்."

"ஒரு கிலோமீட்டர்தானேம்மா. நடந்தா உடம்புக்கு நல்லது."

"இம்மாந்தூரம் வந்து, ஏறி எறங்கி, திரும்ப அம்மாந்தூரம் போணும் சார். அதுக்குள்ள கேட்டை மூடிருவான், அரை நாள் சம்பளம் அம்பேல். சுகிர்தா இப்பதான் வேலைக்கு வந்துக்கினு கீது. கால்ல கம்பிய வச்சிக்கினு எத்தினி படி ஏறும்?"

பூவராகவன் பரிவோடு கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. பாலம் இருந்தும் இவர்கள் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? பாலத்தைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை. அதான்.

அடுத்த மார்ச்சில் 'நடைமேம்பாலம்: ஏறுவோம், பயனடைவோம்' என்ற பயிற்சி அதே கேன்டீனில் நடந்தது. இந்தத் தடவை பஸ் கிடையாது. இந்தத் தடவைக் கணக்காவது உண்மையாக இருக்கட்டும் என்று பென்னி மன்றாடியதில் கிடைத்த சலுகை அது. பயிற்சி முடிந்து சாமான்களைக் கட்டும்போது ஜீப்ரா ஃபிளெக்ஸைக் காணோம். தேடினார்கள், கேன்டீன் லாரியையும் விசாரித்தார்கள். பொழுதாகிவிட்டது. பூவராகவனின் ஜீப்போ சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. யு டர்ன் அடித்து வர வேண்டுமென்றால் வெகுதூரம் என்று டிரைவர் அங்கேயே நிறுத்தியிருந்தார். திருவள்ளூரில் இரவுக்குள் அறிக்கை கொடுத்தாக வேண்டும். வலது பக்கம் தூரத்தில் நீலப் பாலம் தெரிந்தது. பூவராகவன் வலது பார்த்தார். இடது பார்த்தார். மறுபடி வலது பார்த்தார். கன்டெய்னர்கள் வந்துகொண்டே இருந்தன.

அப்போது ஷிஃப்ட் முடிந்து கேட் திறந்தது. ஆரோக்கியமேரியும் இன்னும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரு ஃபிளெக்ஸை வேட்டி உலர்த்துவது போல நிமிர்த்திப் பிடித்தபடி சாலையில் இறங்கினார்கள். இந்தியாவிலேயே முதன்முறையாக ஒரு ஜீப்ரா கிராசிங் தானே எழுந்து நடந்து சாலையைக் கடந்தது. இப்படியொன்றை எந்த டிரைவர் பார்த்திருக்கிறான்? பிரேக் கிறீச்சிட்டது. ஒரு ட்ரெய்லர் நின்றது, அதன் பின்னால் ஆந்திரா வரைக்கும் நின்ற மாதிரி இருந்தது. ஃபிளெக்ஸின் மறைவில் கம்பி வைத்த காலை மெல்ல ஊன்றிச் சுகிர்தா நடந்தாள். யாரும் ஓடவில்லை. அந்த ஸ்டாப்பிங்கில் யாரும் நடந்து கடந்ததை அதற்கு முன் ஒருவரும் பார்த்ததில்லை.

அவள் பின்னால், குனிந்து, அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பூவராகவனும் நடந்தார். அரளிச் சந்தில் அவர் சட்டைதான் மாட்டிக்கொண்டது. ஆரோக்கியமேரி எடுத்துவிட்டாள்.

"இன்னா சார், பாலத்துல போவலியா?"

"டைம் ஆயிடுச்சிம்மா."

"அதான்" என்றாள் ஆரோக்கியமேரி.

அக்கரை சேர்ந்ததும் இலாகா சொத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அறிக்கையில் 'வெயிலில் சாயம் போய்விட்டது' என்று எழுதினார். கூடவே, பாதசாரிகள் பாலத்தைத் தவிர்ப்பதற்கு நேரமின்மை ஒரு காரணமாக இருக்கலாம் என்றும், நேரத்தைத் திட்டமிடுவது குறித்து அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி தேவை என்றும் பரிந்துரைத்தார்.

இந்த இனத்திடம் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கழுத்தில் எப்போதும் அட்டை தொங்காது. பச்சைச் சட்டை இல்லாமலும் நடமாடுவார்கள். நாற்காலியில் சாய்ந்து இதுபோல எதையாவது படித்துக்கொண்டும் இருப்பார்கள். உங்களைச் சொல்வேனா? ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான். பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்று படித்தபோது, அந்தப் பெண்கள் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்பியிருந்தால்தான் என்ன என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா?

அதான்.